நான்கு விரல் மழை

ஐயா,

இன்று காலை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புளிப்பும் பித்தளையும் ஈரமுமாக ஒரு வாசனை எழும்பி நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் தபால் பைக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். கறுப்புக் கரை போட்ட அட்டை. கையைக்கூடக் கழுவாமல் வாங்கிவிட்டேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் புளிக்கறையாகப் பதிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டிக்கு அழைப்பு. யாழ்ப்பாணத்தில் நீங்கள் கண்மூடி ஒரு மாதமாகப் போகிறது. இந்த மலைக்கு இன்றுதான் தெரிகிறது.

அழுகை வருவதற்கு முன்னால் கை தானாக அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்துக் கல்லின்மேல் வைத்தது. வட்டவளைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடி இல்லாத, கூரையோரம் இல்லாத இடம். அடிமட்டத்தால் சுற்றிச்சுற்றி அளந்துவிட்டு, "இதில ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி" என்று நீங்கள் சொன்ன அதே கல்.

இந்த அண்டாவைப் பற்றி ஹட்டன் கோர்ட்டில் பெரிய மனிதர்கள் அரை நாள் பேசினார்கள் என்றால், இப்போது யார் நம்புவார்கள்? என் பேரப்பிள்ளையிடம் சொன்னால் சிரிக்கும். அது பிறந்தே இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அதைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லவேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். எங்கள் வீட்டுக்காரர் கணக்கப்பிள்ளை. ஆபீசுக்கு முன்னால், நாலு பக்கமும் கம்பி கட்டிய இடத்தில், மழை அளக்கிற செம்பு உருளை ஒன்று நின்றது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பி முடிந்ததும், ஏழு மணிக்கு நீங்கள் அங்கே போவீர்கள். உள்ளே இருக்கும் போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பீர்கள். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்த கோடுகள் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "கிளாக்கரையா தீர்த்தம் எடுக்குறாரு, வழிய விடுங்கடி" என்பாள் ஒருத்தி. நீங்கள் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். பெரிய புத்தகத்தில் அந்த எண்ணை எழுதி, மை உலரும்வரை ஊதிக்கொண்டே நிற்பீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. பஞ்சாங்கத்தில் எழுத்துக் கூட்டி, பஜனைப் பாட்டில் அதைச் சரிபார்த்து, தானாகப் படித்தவள். எழுத வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. கோடு போட்ட கொப்பி ஒன்று வைத்துக்கொண்டு நாள் தவறாமல் எழுதினேன். திதி, விரதம், எந்தப் பூ கிடைத்தது, விளக்கெண்ணெய் எத்தனை நாள் வந்தது, துணி காய்ந்ததா, மழை எப்போது வந்தது, எப்போது விட்டது. எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். "எதுக்கு இதெல்லாம்? செத்து மேல போனதும் சாமிகிட்ட கணக்குக் காட்டப் போறியா?"

"கேட்டா காட்ட வேணாமாங்க?" என்பேன்.

மழைநீர் பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். தரையில் படாத தண்ணீரில்தான் வெள்ளிக்கிழமைக் கும்பம் வைப்போம். அதற்கு நான் பழகிக்கொண்ட முறைகள் சில உண்டு. கூரைத் தண்ணீர் ஆகாது, காகம் உட்காரும். மரத்தடி ஆகாது, இலையில் வழிந்தது எச்சில் மாதிரி. தரையில் வைத்தால் சேறு தெறிக்கும், அதனால் கல்லின்மேல். தண்ணீரை வேறு பாத்திரத்தில் மாற்றுவதற்கு முன்னால், நான்கு விரலையும் சேர்த்து உள்சுவரில் படுக்கையாக வைத்து எத்தனை விரல் என்று பார்த்து எழுதிக்கொள்வேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கொடுத்ததை அளக்காமல் வாங்கிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று பட்டது. அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை போகவேண்டிய தேயிலைப் பெட்டிகள், லொறி பழுதானதால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரயிலடிக்குப் புறப்பட்டன. லொறி ஓட்டியவன் சுப்பையா. மாலை ஐந்து மணிக்கு, ஐந்தாம் நம்பர் மலைத் திருப்பத்தில் லொறி சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. பெட்டிகள் உடைந்து தேயிலை முழுக்க ஓடையில் கலந்தது. சுப்பையா கை ஒடிந்து, ஒரு புல் பற்றையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். மழையில் மேட்டுமண் சரிந்து ரோட்டில் கிடந்ததாகவும், அதில் ஏறித்தான் சக்கரம் வழுக்கியதாகவும் சொன்னான்.

எங்கள் துரை ஒழுங்கான மனிதர். திங்கட்கிழமையே ஆட்களை விட்டு மண்ணை வழித்து ரோட்டைத் துப்புரவாக்கிவிட்டார். புதன்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோது வெயில் காய்ந்து ரோட்டில் புழுதி பறந்தது. அவர் ஆபீசுக்குள் போய் மழைப் புத்தகத்தைக் கேட்டார். நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். ஞாயிறுக்கு நேரே பூச்சியம்.

அந்த ஒரு வட்டம் போதுமாக இருந்தது. மழையே இல்லை, ரோடு காய்ந்திருந்தது, ஓட்டியவன் குடித்திருக்கிறான், பொய் சொல்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார். கம்பெனி நட்டஈடு தராது என்றது. போலீஸ் சுப்பையாமேல் வழக்குப் போட்டது. ஞாயிறென்றால் சுப்பையா கொஞ்சம் போடுகிறவன் என்பது மலைக்கே தெரியும். அன்று தொடவில்லை என்று கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அவன் பெண்சாதியைத் தவிர யாரும் நம்பவில்லை. குற்றம் என்று முடிந்தால் மறியல், சிறைதான். வேலை போகும், வேலையோடு லயத்து அறையும் போகும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான். குற்றவாளி என்று பெயர் எழுதப்பட்டுவிட்டால் அந்தக் கடதாசியும் கிடைக்காது, இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் கடலையே பார்த்ததில்லை.

மழை பெய்தது என்று நூறு பேர் சொன்னார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று போலீசார் கேட்டபோது நூறு பேரும் நூறு சொன்னார்கள். ஐப்பசியில் மழை வருவதும் போவதுமாக இருக்கும். யாருக்கு நினைவிருக்கும்? சிலர் சனி என்றார்கள். சிலர் விளக்கு வைத்த பிறகு என்றார்கள். நான் என் கொப்பியைத் திறந்து பார்த்தேன்.

"சனி. வெயில். துணி காய்ந்தது. அண்டா தேய்த்துக் கவிழ்த்தது. ஞாயிறு. காலை குளித்து அண்டா நிமிர்த்தியது. 2½க்கு இருட்டு. 3க்கு இடியோடு மழை. 4½க்கு விட்டது. விளக்கு வைக்கும்போது 4 விரல். சாமிக்கு எடுத்தது."

எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, ஆபீசு புத்தகத்துல மழை இல்லன்னு இருக்கு. ஒன் கொப்பியில இருக்குன்னு இருக்கு. அப்ப ஆபீசு பொய் சொல்லுதா? இத வெளிய எடுத்த, நாளைக்கு நம்ம சட்டிபானையும் ரோட்டுலதான் கெடக்கும். பேசாம உள்ள வையி."

உள்ளே வைத்தேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மூன்று நாள் பூசைக்கு உட்கார்ந்தால் சாமி தெரியவில்லை, கொப்பிதான் தெரிந்தது. நாலு விரல் தண்ணீரை வாங்கிக் கும்பம் வைத்தவள், அந்தத் தண்ணீர் வரவே இல்லை என்று சொல்லிக்கொண்டு எப்படி உட்காருவேன்?

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து நீங்கள் திருநீறு வாங்கித் திரும்பும்போது வழிமறித்தேன். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மழ பேஞ்சிச்சுங்க. நாலு விரல்."

நீங்கள் கொப்பியை வாங்கிப் படித்தீர்கள். காது சிவந்தது. "தோட்டத்துப் புத்தகத்தைவிட உங்கட அண்டா பெரிசோ?" என்று கேட்டுவிட்டுக் கொப்பியை என் கையில் திணித்து, செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு இறங்கிப் போனீர்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் செருப்பை விட்டுவிட்டுப் போனவரைப் பார்த்தபோது, கோபத்தில் போகிற மனிதர் மாதிரித் தோன்றவில்லை.

மறுநாள் பெரட்டு முடிந்த கையோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றீர்கள். கையில் மர அடிமட்டம். எங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய் நாற்காலி எடுத்து வந்தார். நீங்கள் உட்காரவில்லை.

"தங்கச்சி, உங்கட அண்டாவை ஒருக்காப் பாக்கலாமோ?"

அண்டாவின் சுவர் நேராக இருக்கிறதா என்று மேலும் கீழும் அளந்தீர்கள். கல்லின் உயரத்தை அளந்தீர்கள். கூரைக்கும் கல்லுக்கும், கொய்யா மரத்துக்கும் கல்லுக்கும் எத்தனை அடி என்று பார்த்தீர்கள். ஏன் இங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் என் முறைகளைச் சொன்னேன். காகம், இலை எச்சில், சேறு. சொல்லச்சொல்ல நீங்கள் மெல்லக் கல்லின் பக்கத்திலேயே குந்திவிட்டீர்கள்.

"சர்க்கார் எனக்கு அனுப்பின கடதாசியிலயும் இதுதான் கிடக்கு," என்றீர்கள். "மரத்துக்குக் கிட்ட வைக்கக்கூடாது. கூரைக்குக் கிட்ட வைக்கக்கூடாது. சேறு தெறியாத உயரத்தில இருக்கவேணும். ஒண்டும் மாறேல்லை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஐயா. கொழும்பில் யாரோ படித்தவர்கள் கூடி எழுதிய விதியும், சாமிக்குச் சுத்தமாக வேண்டும் என்று நான் வைத்துக்கொண்ட விதியும் ஒரே கல்லில் வந்து நின்றன.

பிறகு கையை நீட்டச் சொன்னீர்கள். நான்கு விரலைச் சேர்த்து அடிமட்டத்தின்மேல் வைத்தேன். தொடாமல் குனிந்து பார்த்து, என் சுண்டுவிரல் முடிந்த இடத்தில் மையால் சின்னக் கோடு போட்டீர்கள். மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. "திங்கட்கிழமை நான் வாசிச்சது மூண்டு அங்குலமும் பன்னிரண்டு கோடும்" என்றீர்கள். 

எங்கள் வீட்டுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஞாயித்துக்கெழம பூச்சியம்னு இருக்கேங்கய்யா?"

"நான் ஞாயிறு வாசிக்கிறேல்லை, கணக்கப்பிள்ளை. சனி மத்தியானம் கண்டிக்குப் போயிடுவன், பிள்ளையளைப் பாக்க. திங்கள் விடியக் கோச்சியில வந்துதான் வாசிப்பன். ரெண்டு நாள் தண்ணியும் திங்கள்ல விழும். கட்டம் வெறுமையா இருந்தா ஏன் வெறுமை எண்டு மேலயிருந்து கடிதம் வரும். அதுக்காக ஒரு பூச்சியத்தைப் போட்டு வைக்கிறனான். பதினொரு வரியமா."

கண்டியில் விடுதியில் தங்கிப் படித்த உங்கள் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. தாயில்லாத பிள்ளைகள் என்று மட்டும் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் முகத்தைப் பார்க்க நீங்கள் போன பயணம், ஒரு சின்ன வட்டமாகப் புத்தகத்தில் ஏறி, இங்கே ஒருவன் கழுத்தைச் சுற்றி நின்றது. அதை யார் நினைத்துப் பார்த்தது?

"இத நாம மூணு பேரோட விட்டுடலாமுங்கய்யா," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"சுப்பையாவும் இருக்கிறானெல்லோ," என்றீர்கள். "அவனோட நாலு பேர்."

அன்றிலிருந்து வழக்குத் தவணைவரை நீங்கள் செய்ததுதான் என்னை இன்றும் கைகூப்ப வைக்கிறது. பதைபதைத்து எங்கேயும் ஓடவில்லை. என் அண்டாவை வாங்கிக்கொண்டுபோய், கம்பி வேலிக்குள், செம்பு உருளைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். மார்கழி முழுக்க, ஞாயிறு தவிர, ஒவ்வொரு காலையும் நான் மேலே வரவேண்டும். நான் விரல் வைத்து எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் நீங்கள் குவளையில் ஊற்றிப் பார்ப்பீர்கள். ஒருவர் சொல்வது மற்றவர் கண்ணைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. கோலம் போட்ட கையோடு ஓடிவருவேன். குழாயடியில் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "என்னாக்கா, மழைக்கு நாடி புடிக்கப் போறியா?"

"ஆமாடி, ஒனக்கும் வேணும்னா வரிசையில நில்லு."

அரை விரல். குவளையில் முப்பத்தாறு கோடு. ஒரு விரல். எழுபது கோடு. வெறும் ஈரம். குவளையிலும் வெறும் ஈரம். உங்கள் உருளையின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. என் அண்டாவில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். அப்படியும் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரம். எனக்கு இது விளங்க வெகு நாளாயிற்று. நீங்கள் சொன்னது: "வாய் பெரிசெண்டா கனக்கத் தண்ணி விழும், ஆனா அது பரவுற இடமும் பெரிசுதானே. சுவர் நேரா இருந்தாச் சரி. உங்கட இடுப்புக் குடத்தை வைச்சிருந்தியளெண்டா நாங்கள் துலைஞ்சம்."

வானம் பெரிய பாத்திரத்துக்கு அதிகமாகவும் சின்னதுக்குக் குறைவாகவும் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே உயரம்தான். எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறேன். அந்த மார்கழிக் குளிரில், கம்பி வேலிக்குள் குந்தியிருந்தபோதுதான் அது எனக்கு நேரில் தெரிந்தது.

தை மாதம் வழக்கு. அண்டாவைச் சாக்கில் சுற்றி, ஹட்டன் பஸ்சில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் அதற்கும் டிக்கட் கேட்டான். எங்கள் வீட்டுக்காரர் அவனோடு மல்லுக்கு நின்றார்.

முதலில் உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் இங்கிலீசில் சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த பெரியவர்களுக்கு மட்டும் விளங்கி, அதோடு போயிருக்கும். நீங்கள் தமிழில் சொன்னீர்கள். பின்வரிசை வாங்குப் பலகையில் சுப்பையாவின் பெண்சாதி உட்கார்ந்திருந்ததால் என்று நினைக்கிறேன்.

"அந்தப் பூச்சியம் மழையில்லை எண்டு சொல்லேல்லை. நான் அண்டைக்கு வாசிக்கேல்லை எண்டதைத்தான் நான் அப்பிடி எழுதிப்போட்டன். பிழை என்ரை."

மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பிச் சொல்ல ஒரு கணம் தயங்கினார். துரை முன்வரிசை வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் உங்களைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடவில்லை. ஹட்டன் டவுனில் அளந்த மழைக் கணக்கை எடுத்து நீட்டினார். அந்த ஞாயிற்றில் அங்கே தூறல்தான். நீங்கள் சொன்னீர்கள்: "ஹட்டன்ல வெயில் அடிக்கேக்க நாங்கள் வட்டவளையில குடை பிடிக்கிறனாங்கள். ஒவ்வொரு மலைக்கும் அதின்ரை மழை." உண்மைதானா என்று நீதவான் ஜன்னலைப் பார்த்தார். அன்றைக்கும் எதிர்மலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கோர்ட் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"சரி, இரண்டு நாளில் மூன்று அங்குலம். அது லொறி விழுந்த பிறகு, இரவில் பெய்திருக்கலாமே?" என்று கேட்டார் வக்கீல்.

"என்ரை புத்தகம் அதுக்குப் பதில் சொல்லாது, ஐயா. அந்தம்மாட கொப்பிதான் சொல்லும்," என்று சொல்லி இறங்கிவிட்டீர்கள்.

என்னை ஏற்றினார்கள்.  கொப்பியைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். அண்டாவைக் காட்டச் சொன்னார்கள். வக்கீல் அதைத் தட்டிப் பார்த்தார். கோர்ட் முழுக்க மணி மாதிரிக் கேட்டது.

"கூரைத் தண்ணீர் இதில் விழுந்திருக்காதா?"

"கூரத் தண்ணி சாமிக்கு ஆகாதுங்க."

"நீங்கள் விரலால் அளந்தீர்கள். விரல் என்ன அளவுகோலா?"

"எனக்குத் தெரிஞ்சு எப்பவும் இதே விரல்தானுங்க வச்சிருக்கேன். மாத்துனதில்ல."

சிரிப்பு எழுந்தது. நீதவான் மேசையைத் தட்டிவிட்டு, நீங்கள் கொண்டுவந்த அடிமட்டத்தை வாங்கி, என்னை முன்னால் வரச் சொன்னார். கையை வைத்தேன். சுண்டுவிரல் போய் உங்கள் மைக் கோட்டில் நின்றது. விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. திங்கள் காலை மூன்று அங்குலமும் பன்னிரண்டு கோடும். இரவில் பெய்தது வெறும் தூறல். பெருமழை முழுக்க லொறி விழுந்த அந்தப் பின்னேரத்தில்தான். மார்கழி மாதத்து இரண்டு வரிசை எண்களையும், உங்களுடையதும் என்னுடையதும், அவர் விரலை வைத்து வைத்து வெகுநேரம் படித்தார். 

எனக்கு அங்கே கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் விழுந்து, பூமிக்குள் போய், ஓடையாகி, கடலுக்கே போயிருக்கும் ஒரு மழை. அதைத் திரும்பக் கூப்பிட்டுச் சாட்சிக் கூண்டில் நிறுத்தியிருந்தோம். நானும் நீங்களும் ஒரு பித்தளை அண்டாவும்.

சுப்பையாவை விடுதலை செய்தார்கள். அவன் பெண்சாதி ஓடிவந்து காலில் விழுந்தது உங்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை. அண்டாவுக்கு. கொஞ்ச நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியும் தன் மறுப்பைக் கைவிட்டது. பிரஜாவுரிமைக் கடதாசி வந்த அன்று சுப்பையா அதைக் கொண்டுவந்து அண்டாவுக்குள் வைத்து எடுத்துப் போனான். பைத்தியக்காரன். இப்போதும் லொறி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை குடிப்பதில்லை என்கிறான். அதை நான் பார்க்கவில்லை.

உங்களுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. துரை கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு வரவேண்டிய உயர்வு அந்த வருடம் வரவில்லை என்றார் எங்கள் வீட்டுக்காரர். அடுத்த வாரம் ஆபீசு ஜன்னல் வழியாக நான் கண்டது இது. மதியச் சாப்பாட்டு நேரம். பழைய மழைப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, சிவப்பு மையைத் தொட்டுத் தொட்டு, பதினொரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பூச்சியத்தை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 'வாசிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். துரை சொல்லிச் செய்தீர்களா, நீங்களாகவே செய்தீர்களா, எனக்குத் தெரியாது. பாணும் சம்பலும் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

"இம்புட்டையும் திருத்தணுமாங்கய்யா? யாரு பாக்கப் போறா?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"இதில எந்த ஞாயிறு ஆருக்குத் தேவைப்படும் எண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி," என்றீர்கள். "தெரியாததைத் தெரியாது எண்டு எழுத ஏன் இவ்வளவு காலம் வெக்கப்பட்டன் எண்டுதான் விளங்கேல்லை."

அதற்குப் பிறகும் நீங்கள் சனிக்கிழமைகளில் கண்டிக்குப் போனீர்கள். போகத்தான் வேண்டும். ஞாயிறுக்கு நேரே 'வாசிக்கவில்லை' என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால், கணக்கப்பிள்ளை வீட்டு அண்டா ஒன்றரை விரல், இரண்டு விரல் என்று குறித்து வைப்பீர்கள். துரை அதைப் பார்த்தும் அழிக்கச் சொல்லவில்லையாம். தோட்டத்துப் புத்தகத்தின் ஓரத்தில் என் விரல்கள்! அதை நினைத்தால் இன்றும் கையைப் பார்த்துக்கொள்வேன். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கை.

ஓய்வுபெற்று ஊருக்குப் போகிற அன்று, வட்டவளை ரயிலடியில், பெட்டிகளை ஏற்றிய பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து அந்த அடிமட்டத்தை எடுத்து எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தீர்கள். "உதில தங்கச்சியின்ரை விரல் கிடக்கு. நான் ஏன் கொண்டுபோறன்?" என்றீர்கள். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூடாமல் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே போனீர்கள்.

இன்று அட்டையைப் படித்து முடித்ததும் கொப்பியை எடுத்தேன். நீங்கள் போன தேதி அட்டையில் போட்டிருந்தது. அன்றைக்கு இந்த மலையில் என்ன மழை என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. ஒரு விரலாவது பெய்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். ஏதோ ஒன்று உங்களுக்காக இங்கே விழுந்திருக்கவேண்டும் என்ற ஆசை.

அந்த நாளில் நான் வீட்டில் இல்லை, ஐயா. மகளுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வாங்கில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் கத்தினாள். வெளியே வெயிலா மழையா என்று நான் தலை நிமிரவில்லை. பிள்ளை பிறந்து, வீட்டுக்கு வந்து, கொப்பியைத் திறந்து, அந்த மூன்று நாளுக்கும் எழுதவேண்டியதை எழுதினேன். அதில் நடுநாள் உங்களுடையது.

எங்கள் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நல்ல மழதான். நாந்தான் தொப்பலா நனைஞ்சு வந்தேனே. அந்த மனுசனுக்காகவாவது ஒரு ரெண்டு விரல்னு எழுதேன். யாரு கேக்கப் போறா?"

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அந்த நாளில் அண்டா கவிழ்ந்து கிடந்தது. என் விரல் அதில் படவில்லை. பென்சில் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே இப்போது மழை வலுத்துவிட்டது. அண்டாவின் சத்தம் மாறிவிட்டது, அடி நிறைந்து தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற சத்தம். விளக்கு வைக்கும்போது போய்ப் பார்ப்பேன். எத்தனை விரல் என்று இன்றைய தேதிக்கு எழுதுவேன். அதில் வெள்ளிக்கிழமை கும்பம் வைத்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கும்பிடுவேன்.

உங்கள் நாளுக்கு நேரே நான் ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு சொல் இருக்கிறது. உங்கள் 'வாசிக்கவில்லை'யிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சொல். அதை அடிக்கவில்லை, பக்கத்தில் எதுவும் சேர்க்கவும் இல்லை.

பார்க்கவில்லை.